இரண்டாவது ரசம் கேட்டது குற்றமா?

தேக்கா வாசி:
போன வாரம் அப்பா அம்மாவுக்குக் கல்யாண நாள். தங்கை பிடிவாதமாக இங்கே சிங்கப்பூரில் ஒரு நவீன இந்திய உணவகத்தில் முன்பதிவு செய்துவிட்டாள். கடைப் பெயர் வேண்டாம், விடுங்கள். எட்டுச் சுற்றாக உணவு வரும், ஆளுக்கு 198 வெள்ளி. நான்கு பேருக்கு 792. அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மொத்தம் 949 வெள்ளி 61 காசு. தண்ணீருக்குத் தனியாகப் போடவில்லை, அதுவரை புண்ணியம்.

சாப்பாடு மோசம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே நண்டு வைத்த குட்டிப் பணியாரம் ஒன்று வந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மிளகுக் காரம், மேலே பச்சையாகக் கறிவேப்பிலை எண்ணெய் நாலு சொட்டு. அம்மாகூட வாயைத் திறக்கவில்லை, அது எங்கள் வீட்டில் பெரிய பாராட்டு. அப்புறம் ரசம் வந்தது. கட்டைவிரல் உயரத்துக் கண்ணாடிக் கோப்பையில், அடியில் ஒரு துளி வண்டல் இல்லாமல். அப்பா ஒரே மடக்கில் முடித்துவிட்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். பரிமாறிய பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அந்தச் சுற்று அவ்வளவுதான் என்று பணிவாகச் சொன்னான்.

ரேஸ் கோர்ஸ் சாலைக் கடைகளில் வாழை இலை முன்னால் உட்கார்ந்தால் நாம்தான் கையால் இலையை மறைத்து "போதும் போதும்" என்று கெஞ்ச வேண்டும். போதும் என்று சொல்வது சாப்பிடுகிறவர் உரிமை. அதையே பிடுங்கிவிட்டு இந்தியச் சாப்பாடு என்று எதை விற்கிறார்கள்?

அடுப்படி ஆள்:
நான் இதே மாதிரி ஒரு கடையில்தான் அடுப்பில் நிற்கிறேன், நீங்கள் போன கடை அல்ல. அண்ணே, ஜப்பானியக் கடையில் 300 வெள்ளி கொடுத்து ஓமாகாசே சாப்பிடுகிற நம் ஆட்கள் எத்தனை பேர்! அங்கே யாராவது "இன்னொரு துண்டு மீன் போடுங்க" என்று கேட்பார்களா? சமையல்காரர் வைத்ததைத் தின்றுவிட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறோம். இந்தியக் கடை என்றால் மட்டும் வாளி வர வேண்டும், விலையும் மலிவாக இருக்க வேண்டும்.

அந்தத் தெளிந்த ரசம் எப்படி வருகிறது தெரியுமா? எங்கள் கடையில் பழுத்த தக்காளியை உப்புப் போட்டு அரைத்து, துணியில் கட்டி, குளிர்பெட்டியில் இரவு முழுக்கத் தொங்கவிடுவோம். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். சொட்டுச் சொட்டாக விழுவதை மட்டும் எடுத்து மிளகு, சீரகம், பூண்டு போட்டுச் சூடு காட்டுவோம். போட்ட தக்காளியில் பாதிகூடத் தேறாது. முன்பதிவு எத்தனையோ அத்தனைக் கோப்பைதான் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு ஒன்று ஊற்றினால் கடைசி மேசைக்குக் கிடையாது.

ஆள் செலவு தனி. 2023 செப்டம்பருக்கு முன்னால் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதிச் சீட்டில் எடுக்க முடியாது, அதைவிடக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டிய எஸ் பாஸ் வேண்டும். இப்போது இந்திய உணவகங்களுக்கு விட்டிருக்கிறார்கள், ஆனால் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி கொடுக்க வேண்டும். முப்பது இருக்கை, ராத்திரிக்கு ஒரே பந்தி, அடுப்படியில் பத்துப் பேர். நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ஈசூன் கணக்கர்:
சேவைக் கட்டணம் பற்றி ஒன்று. அது பரிமாறுகிற பிள்ளைகளுக்கே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை, கடை தன் வருமானமாக வைத்துக்கொள்ளலாம். மற்றக் கடைகள் வரியைச் சேர்த்துத்தான் விலை போட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கு மட்டும் அதில் விலக்கு. அதனால்தான் பட்டியலில் 198 என்று கண்ணுக்கு அழகாக நிற்கிறது, கையை விட்டுப் போவது 237.

செங்காங் அக்கா:
அளவை விடுங்க தம்பி, என் வயிற்றெரிச்சல் வேறு. நான் சைவம். இந்த மாதிரிக் கடைகளில் சைவப் பட்டியலுக்கும் அசைவத்துக்கும் பத்து இருபது வெள்ளிதான் வித்தியாசம். பக்கத்தில் இருப்பவருக்கு இறால் வந்தால் எனக்குக் காளான். அவருக்கு ஆட்டுக்கறி வந்தால் எனக்குப் பீட்ரூட். அதுவும் எத்தனை விதமாய்ப் பீட்ரூட்! கோமள விலாஸ் 1947லிருந்து சிராங்கூன் சாலையில் சைவம் மட்டுமே போட்டுப் பிழைக்கிறது. சைவத்துக்குத்தான் நம்மிடம் பஞ்சமே கிடையாதே. வாழைப்பூ, சேனை, சுண்டைக்காய், மணத்தக்காளி இதெல்லாம் ஏன் அந்தத் தட்டில் ஏறுவதில்லை?

கிளமெண்டி ராசா:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் தேக்கா வாசி அண்ணன் "எதை இந்தியச் சாப்பாடு என்று விற்கிறார்கள்" என்று கேட்டதுதான் எனக்கு இடிக்கிறது. அந்த வாழை இலைக் கடைகளில் நாம் கொண்டாடுகிற மீன் தலைக் கறி எந்த ஊர்ப் பாரம்பரியம்? கோமஸ் என்ற மலையாளி இங்கே, சிங்கப்பூரில், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக ஆரம்பித்தது என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு அதுவும் நவீன இந்திய உணவுதான். பினாங்கிலிருந்து வந்த மனோ தேவர் 2018இல் கியோங் சைக் சாலையில் 'தேவர்' என்றே பெயர் வைத்துக் கடை திறந்தார். 2022இல் அதற்கு இரண்டு மிச்சலின் நட்சத்திரம், உணவகங்களுக்கு உலகமே மதிக்கிற தரக்குறி அது. தமிழ்ப் பெயர்ப்பலகை அந்த உயரத்துக்குப் போகும்போது நாம் ரசக் கோப்பையை அளந்துகொண்டு இருக்கிறோம்.

தேக்கா வாசி:
ராசா, நல்லாத்தான் மடக்குகிறீர்கள். ஆனால் கோமஸ் மீன் தலையைச் சின்னதாக்கவில்லையே! முழுத் தலை, சட்டி நிறையக் குழம்பு, வெண்டைக்காய், கத்திரிக்காய், நடுவில் வைத்து நாலு பேர் பங்கு போட்டோம். கண் யாருக்கு என்று சண்டை போட்டோம். புதுமை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நியூயார்க்கில் 'செம்ம' என்று ஒரு கடை, நத்தைப் பிரட்டல் போடுகிறார்கள். மிச்சலின் நட்சத்திரமும் உண்டு, அதன் சமையல்காரர் விஜய் குமாருக்கு 2025இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் சமையல் விருதும் கிடைத்தது. அங்கே பிடித்ததைத் தட்டுத் தட்டாகச் சொல்லி வாங்கலாம். தோசை பிடித்திருந்தால் இன்னொரு தோசை. நட்சத்திரத்துக்கும் கட்டைவிரல் கோப்பைக்கும் என்ன சம்பந்தம்?

ஜப்பானியர் கதையும் ஒத்து வராது தம்பி. அந்த மீனில் ஒரு துண்டு கூடுதலாகக் கேட்டால் கொடுப்பார்கள், பில்லில் ஏற்றுவார்கள். எனக்கு அதுகூட இல்லை.

அடுப்படி ஆள்:
அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை, கேட்டால் காசு வாங்கிக்கொண்டாவது கொடுக்க வழி வைத்திருக்கலாம். ஆனால் நடைமுறை என்ன தெரியுமா? ஒரு மேசைக்கு ஊற்றினால் பக்கத்து மேசை பார்க்கும். அடுத்த தட்டு எடுக்கும் நேரம் தள்ளிப் போகும். முப்பது பேருக்கும் ஒரே தாளத்தில் ஓடுகிற அடுப்படி அது. ஐந்து நிமிடம் பிசகினால் கடைசிச் சுற்று ஆறிப் போய் வரும், அதற்கும் நீங்கள்தான் இங்கே எழுதுவீர்கள்.

தேக்கா வாசி:
அப்படியானால் பட்டியலிலேயே போடட்டும். "கூடுதல் ரசம் 8 வெள்ளி." முன்பதிவின்போதே கேட்கட்டும், தக்காளியை அதற்குத் தகுந்தபடி தொங்கவிடட்டும்.

கிளமெண்டி ராசா:
எட்டு வெள்ளிக்கு ரசம் என்று எவனாவது போட்டால் முதல் ஆளாக வந்து இங்கே கொளுத்திப் போடப்போவது யார் அண்ணே?

தேக்கா வாசி:
நான்தான். இரண்டு கோப்பை குடித்துவிட்டு வந்து கொளுத்துவேன்.

செங்காங் அக்கா:
ரசத்துக்கு விலை வைப்பது இருக்கட்டும். அடுப்படித் தம்பி, நீங்கள் வேலை செய்கிற கடையில் சைவப் பட்டியல் எவ்வளவு? பீட்ரூட் உண்டா இல்லையா, அதை முதலில் சொல்லுங்க.

அடுப்படி ஆள்:
உண்டு அக்கா. இரண்டு சுற்றில்.