விபத்து கேஸுக்கு அவசரமில்லை என்று பரப்புகிறவர்களுக்கு

காட்பாடிக்காரன்:
இரண்டு நாளைக்கு முன்பு 'பாலாறு மைந்தன்' இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். "ரோட்டில் அடிபட்டால் உடம்பை மட்டும் பாருங்கள். வக்கீல், கேஸ் எல்லாம் இரண்டு மூன்று வருஷம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். இழப்பீட்டுக்குக் காலக்கெடுவே கிடையாது" என்று. ஏகப்பட்ட பேர் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று இருக்கிறது. 2019-இல் செய்த திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆறு மாதம். உங்கள் பேச்சை நம்பிக் கால் உடைந்தவன் ஒருவன் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் அவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

பாலாறு மைந்தன்:
வந்துவிட்டார் சட்டமேதை. எங்கள் மாமா 2016-இல் பள்ளிகொண்டா பக்கம் லாரி மோதி இடுப்பு எலும்பு உடைந்து படுத்தார். எழுந்து நடக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2019-இல்தான் கேஸ் போட்டோம். ஏன் லேட் என்று ஜட்ஜ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணமும் வந்தது. கூடவே அலைந்தவன் நான். போனில் எதையோ படித்துவிட்டு வந்து என்னிடம் பேசாதீர்கள்.

காட்பாடிக்காரன்:
2016 விபத்து என்று நீங்களே சொல்கிறீர்கள். 1994-இல் கெடுவை எடுத்துவிட்டார்கள், அதனால் உங்கள் மாமாவுக்கு அன்றைக்குக் கெடு இல்லை. 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடக்கிற விபத்துக்கு ஆறு மாதம். இரண்டும் ஒன்றா?

பாலாறு மைந்தன்:
கோர்ட் அதே வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்தானே? மாறிவிட்டதா?

காட்பாடிக்காரன்:
கோர்ட் அதேதான். சட்டம் மாறிவிட்டது. ஆறு மாதம்.

குடியாத்தத்து அக்கா:
நான் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். நீங்கள் இரண்டு பேரும் கேஸ் போடுகிற தேதிக்கே சண்டை போடுகிறீர்கள். கேஸ் கெட்டுப்போவது முதல் ராத்திரியிலேயே. அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர் யாரோ வழிப்போக்கர். "என்ன ஆச்சு" என்று டாக்டர் கேட்பார். அவர் பயந்துபோய் "வண்டியிலிருந்து கீழே விழுந்துட்டாருங்க" என்பார். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் அப்படியே ஏறிவிடும். மோதிய லாரி பற்றி ஒரு எழுத்து இருக்காது. அப்புறம் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக்கொண்டு வருவார், "இவர் தானாக விழுந்தவர்" என்று. வீட்டு ஆட்கள் வந்தவுடனே டூட்டி டாக்டரைப் பார்த்து, எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்று சரியாகப் பதியச் சொல்லுங்கள். தூக்கி வருகிறவர்களும் பயப்பட வேண்டாம். உதவி செய்தவரைக் கேஸில் இழுக்கக் கூடாது, பேர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவிலும் அதன் கீழ் வந்த விதிகளிலும் இருக்கிறது. காசுக்கும் யோசிக்காதீர்கள். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரிகளில், தனியார் ஆனாலும் முதல் 48 மணி நேரம் இலவசம். வெளி மாநிலத்துக்காரருக்கும் உண்டு.

காட்பாடிக்காரன்:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில் எல்லாம் அந்தந்த வாரமே கையில் வாங்கி வைக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் போனால் இதெல்லாம் எங்கே கிடைக்கும்? கெடுவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் பாலாறு சொன்னது தவறான யோசனைதான். ஆனால் கெடு இருக்கிறது. ஆறு மாதம்.

பாலாறு மைந்தன்:
அக்கா பேச்சிலும் ஆறு மாதத்தைச் செருகிவிட்டீர்கள். எருது விடும் விழா இழையிலும் இவர் இப்படித்தான் செய்தார், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி நான் பெருமையாக நாலு வரி எழுதினால், வேடிக்கை பார்க்கிறவனை மாடு முட்டினால் யார் பொறுப்பு என்று மூன்று நாள் என்னைக் குடைந்தார். அந்த ஆத்திரம்தான் இங்கேயும் தொடர்கிறது.

காட்பாடிக்காரன்:
அன்றைக்குக் கேட்டதற்கு இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை. மாடு முட்டினால் மோட்டார் தீர்ப்பாயம் வராது. சிவில் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும், யாருடைய கவனக்குறைவு என்று அடிபட்டவன்தான் நிரூபிக்க வேண்டும். தடுப்புக்கு உள்ளே குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள் என்று சொன்னேன். அது உங்கள் ஊரை அவமானப்படுத்தியதாக உங்களுக்குப் பட்டால் நான் என்ன செய்ய?

ஆம்பூர் பாய்:
கெடு இரண்டு வருஷம் இல்லையா? எங்கள் தோல் ஷெட்டில் டிரம்மில் கை மாட்டிய பையனுக்கு இரண்டு வருஷத்துக்குள் போடலாம் என்று யூனியனில் சொன்னார்கள்.

காட்பாடிக்காரன்:
பாய், அது வேலையிடத்து விபத்து. அதற்கு இரண்டு வருஷம், சரிதான். அதுவும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது, ஈ.எஸ்.ஐ.தான் தரும். பையன் பேர் ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரோட்டு விபத்துக்கு ஆறு மாதம்.

ஆம்பூர் பாய்:
பேர் இல்லை. காண்டிராக்ட் ஆள். ஷெட்காரர் எங்கள் ஆளே இல்லை என்கிறார்.

காட்பாடிக்காரன்:
அப்படியென்றால் இன்றைக்கே தொழிலாளர் வழக்குகள் பார்க்கிற வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போங்கள். "எங்கள் ஆளே இல்லை" என்று எப்போது சொன்னார்களோ அப்போதே வக்கீல் தேவை. கூலி கொடுத்த சீட்டு, போனில் பணம் போட்ட விவரம், கூட வேலை செய்தவர் பேர், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். பிழைக்க வந்த வெளி மாநிலத்துக்காரர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகும் நம் பக்கத்தில் ஆளைப் பதிவு செய்யாமலே வேலை வாங்குகிறார்கள் என்றால் என்ன சொல்வது.

சட்டக் கல்லூரி மாணவன்:
அண்ணன்கள் மன்னிக்க வேண்டும். ஆறு மாதம் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த உட்பிரிவு செல்லுமா என்றே உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிவிட்டது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறார்கள். அதோடு, போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்புகிற விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 166-இன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது.

பாலாறு மைந்தன்:
கேட்டீர்களா! உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான் எழுதியதுதான் சரி. காட்பாடிக்காரர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

காட்பாடிக்காரன்:
இடைக்கால உத்தரவு என்றால் இடைக்கால உத்தரவு. நாளைக்கு அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தால், உங்களை நம்பி உட்கார்ந்தவன் எங்கே போவான்? தம்பி சொன்னதில் முதல் வரி என்ன? ஆறு மாதம் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. அதைத்தான் நானும் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன். போலீஸ் அறிக்கையே மனு என்பதும் ஏட்டில் சரி. அது தீர்ப்பாயத்துக்குப் போனதா என்று ஸ்டேஷனில் போய்க் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பாலாறு மைந்தன்:
சரி, இவருக்கு ஏன் இத்தனை அவசரம் என்று யாராவது யோசித்தீர்களா? வக்கீல், வக்கீல் என்று துரத்துகிறார். ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டுகிற புரோக்கர்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? மாமா கேஸில் வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்குப் போயிற்று. அந்த வயிற்றெரிச்சல் எங்களுக்கு.

காட்பாடிக்காரன்:
வாயை அளந்து பேசுங்கள். நான் தறிக்கு நூல் விற்கிறவன், கோர்ட்டில் எனக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. என் தம்பி வேலூர் கிரீன் சர்க்கிளில் அடிபட்டு வார்டில் கிடந்தபோது, இன்சூரன்ஸ் ஆள் என்று ஒருவன் பழப் பையோடு வந்தான். மேலே அச்சடித்த காகிதம், கீழே பென்சிலில் சின்னதாக ஒரு இன்டு மார்க். அங்கே கையெழுத்துப் போட்டால் நாற்பதாயிரம் உடனே என்றான். அம்மா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். நான் பிடுங்கினேன். அன்றைக்குப் படிக்க ஆரம்பித்ததுதான் இதெல்லாம்.

உங்கள் மாமாவிடம் மூன்றில் ஒரு பங்கு வாங்கியிருந்தால் அது தவறு. ஜெயித்தால் இவ்வளவு, வருகிற பணத்தில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஆள் வைத்து கேஸ் பிடிப்பதும் விதிப்படி குற்றம். வார்டில் கார்டு நீட்டுகிறவனை விரட்டுங்கள். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., தொழிலாளர், மாற்றுத்திறனாளி யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தாலும் சொல்வார்கள்.

ஆர்க்காடு வாத்தியார்:
ஐயா, சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். எல்லா விபத்துக்கும் வக்கீல் வேண்டுமா? போன மாதம் ஒருவர் சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வந்து என் ஸ்கூட்டரை இடித்தார். முழங்கையில் சிராய்ப்பு, இன்டிகேட்டர் உடைந்தது.

காட்பாடிக்காரன்:
அதற்கெல்லாம் வக்கீல் வேண்டாம் சார். சிராய்ப்பு, சின்னச் செலவு என்றால் பேசி முடித்துக்கொள்ளலாம். எலும்பு முறிவு, ஆபரேஷன், தலையில் அடி, ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியவில்லை, உறுப்பு பழையபடி வேலை செய்யவில்லை, அல்லது உயிரே போயிற்று என்றால் வக்கீல் இல்லாமல் இறங்கவே கூடாது. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை, தப்பு உங்கள் மேல்தான் என்று எஃப்.ஐ.ஆர். எழுதிவிட்டார்கள் என்றாலும் அப்படித்தான்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 32 வயதுக்காரர், மாதம் 15,000 சம்பாத்தியம். வருஷத்துக்கு 1,80,000. வருஷ வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு எண் உண்டு, அந்த வயதுக்கு 16. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போயிற்று என்று நிரூபித்தால் அந்த ஒரு தலைப்பிலேயே 5,76,000 வருகிறது. மருத்துவச் செலவு, வலி வேதனைக்கு எல்லாம் தனி. இவரிடம்தான் நாற்பதாயிரத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இன்னொன்று, ஸ்ரீபெரும்புதூரிலோ பெங்களூரிலோ அடிபட்டாலும் நீங்கள் குடியிருக்கிற வேலூரிலேயே மனு போடலாம். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதற்கு வருவாய்த் துறையிடம் விண்ணப்பம். மற்றதற்கெல்லாம் தீர்ப்பாயம், ஆறு மாதம்.

பாலாறு மைந்தன்:
வாத்தியார் கேட்டது ஒன்று, இவர் பாடம் எடுப்பது ஒன்று. முடிவில் அதே ஆறு மாதம். எங்கள் மாமாவுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் கேஸ் போட்டோம், பணம் வந்தது வந்ததுதான்.

குடியாத்தத்து அக்கா:
ஹெல்மெட்டைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பின்னால் உட்காருகிற பெண்களுக்கு ஹெல்மெட்டே வாங்குவதில்லை. புடவை முந்தானை சக்கரத்தில் சுற்றி விழுந்தவர்களுக்கு நான் எத்தனை கட்டுப் போட்டிருப்பேன்! சக்கரத்தில் புடவை மாட்டாமல் தடுக்கிற கம்பித் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறான், அழகாக இல்லையாம். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இல்லை. ஹைவேயில் லாரியை ஓரங்கட்டுகிறவன் பார்க்கிங் லைட் போடுவதில்லை. விடியற்காலை இருட்டில் வருகிற பையனுக்கு அது தெரியவா போகிறது?

பாலாறு மைந்தன்:
அக்கா, கரும்பு விவசாயியை ஏன் இழுக்கிறீர்கள்? அவனே ஆலை தர வேண்டிய நிலுவைப் பணத்துக்கு அலைகிறான். ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலையா?

குடியாத்தத்து அக்கா:
வண்டி யாருடையதோ அவர் வேலை. அம்பது ரூபாய் ஸ்டிக்கர். நிலுவை வராததற்கு என் வார்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமா?

சட்டக் கல்லூரி மாணவன்:
தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு, மட்டும் வைத்திருப்பவர் தானாக விழுந்தால் அதில் ஒன்றும் கிடைக்காது. ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் இருக்கிறதா என்று எல்லோரும் பாலிசியில் பாருங்கள்.

காட்பாடிக்காரன்:
தம்பி, அதைத் தனி இழையாகப் போடு, நான் வருகிறேன். பாலாறு மைந்தன் தன் பழைய பதிவை எடுக்கிறாரா இல்லையா, அதை முதலில் சொல்லட்டும்.

பாலாறு மைந்தன்:
எடுக்க மாட்டேன். இடைக்கால உத்தரவையும் அதன் கீழேயே சேர்த்துப் போடப் போகிறேன். எருது விடும் விழாவுக்கும் தனி இழை திறக்கிறேன், தைரியம் இருந்தால் அங்கே வாருங்கள்.

காட்பாடிக்காரன்:
வருகிறேன். உத்தரவைச் சேர்க்கும்போது 'இடைக்கால' என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள்.

ஆம்பூர் பாய்:
அந்தப் பையனுக்குக் கூலியெல்லாம் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். ரசீது எதுவும் இல்லை. இப்போது என்ன செய்வது, யாராவது சொல்லுங்கள்.