கம்யூனிட்டி காலேஜ் நர்சிங் (ஏடிஎன்): போடும் பணத்துக்கும் வரும் சம்பளத்துக்கும் கணக்கு சரியாக வருமா?

நெல்லைப்பெண்_டல்லஸ்:

எல்லோருக்கும் வணக்கம். டல்லஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கிறோம். எனக்கு 34 வயது. திருநெல்வேலியில் ஈசிஇ முடித்து சென்னையில் நாலு வருஷம் டெஸ்டிங் வேலை பார்த்தேன், கல்யாணமாகி இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. கணவர் எச்1பி வேலை விசாவில் இருக்கிறார், அவருடைய கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டுவிட்டதால், எச்4 துணை விசாவில் இருக்கும் எனக்கு ஈஏடி என்ற வேலை அனுமதி இருக்கிறது. பெரியவன் மூன்றாம் வகுப்பு, சின்னவளுக்கு மூன்று வயது முடிந்திருக்கிறது. மறுபடி ஐடி வேலைக்குப் போக இரண்டு வருஷமாக முயன்றும் எதுவும் அமையவில்லை.

சின்னவள் குறைமாதத்தில் பிறந்து 19 நாள் என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தாள். ராத்திரி ஷிப்டில் வந்த நர்ஸ் ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டுத்தான் குழந்தை மேல் வைப்பார். அதைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் படிப்பு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இங்கே கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் அரசுக் கல்லூரி) ஏடிஎன் என்ற இரண்டு வருஷ நர்சிங் அசோசியேட் டிகிரி படிக்க கட்டணம் பத்தாயிரம் டாலருக்குள் முடியும் போலத் தெரிகிறது. ஒரு தனியார் யுனிவர்சிட்டியில் கேட்டதற்கு 15 மாதத்தில் பிஎஸ்என் என்ற நர்சிங் இளநிலைப் பட்டம், 68,000 டாலர் என்றார்கள். ஏடிஎன் முடித்தவர்களுக்கு உண்மையிலேயே வேலை கிடைக்கிறதா, சம்பளம் குறைவா, இரண்டு வருஷத்தில் முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஊரில் அம்மாவிடம் சொன்னேன், "இன்ஜினியரிங் படிச்சுட்டு நர்ஸ் வேலையா" என்று ஒரே வருத்தம்.

நைட்ஷிப்ட்_அம்மா:

நான் இதே டல்லஸ் ஏரியாவில் 38 வயதில் ஏடிஎன் முடித்தேன், எச்4 ஈஏடியில்தான். முதலில் ஒன்று, இரண்டு வருஷம் என்பதை மறந்துவிடுங்கள். அனாட்டமி அண்ட் பிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி, சைக்காலஜி, இங்கிலீஷ் இதெல்லாம் முடித்தால்தான் நர்சிங் புரோகிராமுக்கே விண்ணப்பிக்க முடியும், அதற்கு ஒரு வருஷம். அப்புறம் நுழைவுத் தேர்வு, இடம் கிடைக்கக் காத்திருப்பது. எனக்கு ஆரம்பம் முதல் லைசென்ஸ் வரை மூன்றரை வருஷம்.

செலவைச் சொல்கிறேன். கட்டணம், புத்தகம், ஆன்லைன் டெஸ்ட் பேக்கேஜ், ஸ்க்ரப்ஸ், ஷூ எல்லாம் சேர்த்து 9,400 டாலர். ஆனால் கிளினிக்கல்ஸ் (மருத்துவமனைப் பயிற்சி) நாட்களில் காலை ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பிள்ளையை யார் பார்ப்பது? 22 மாதம் டேகேருக்கு மாதம் 1,150 கட்டினேன், அதுவே 25,300. ஆக 34,700. எல்லோரும் காலேஜ் கட்டணத்தையே பேசுகிறார்கள், எங்கள் வீட்டில் பெரிய தொகை டேகேருக்குத்தான் போனது. உங்கள் சின்னவள் கிண்டர்கார்டன் போகும் வருஷத்தில் கிளினிக்கல்ஸ் ஆரம்பிக்கிற மாதிரி திட்டமிட்டால் இதில் பாதிக்கு மேல் மிச்சம். முதலில் சொன்ன அந்த ப்ரீரெக் (முன்தகுதி) பாடங்களை இப்போதே ஆன்லைனிலோ மாலை வகுப்பிலோ ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வாருங்கள், அதற்கு டேகேர் தேவைப்படாது. ஒரே கவனம், சயின்ஸ் பாடம் படித்து ஐந்து ஏழு வருஷம் ஆகிவிட்டால் சில காலேஜ்கள் ஏற்பதில்லை.

வேலை: என்கிளெக்ஸ் என்ற லைசென்ஸ் பரீட்சை எல்லோருக்கும் ஒன்றேதான், ஏடிஎன்னுக்கு ஒன்று பிஎஸ்என்னுக்கு ஒன்று கிடையாது, லைசென்ஸிலும் எல்லோருக்கும் ஒரே ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) பட்டம்தான். ஆனால் நான் முதலில் விண்ணப்பித்த ஒரு பெரிய மருத்துவமனையில் இன்டர்வியூ நன்றாக முடிந்த பிறகு பிஎஸ்என் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அடுத்த மாதம் ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன மருத்துவமனையில் எடுத்தார்கள், மணிக்கு 34 டாலர், ராத்திரி ஷிப்டுக்கு 4 டாலர் கூடுதல். வாரம் 36 மணி நேரம் என்றால் வருஷம் 1,872 மணி நேரம், அப்படியானால் 71,000 சொச்சம். முதல் வருஷச் சம்பளத்திலேயே போட்ட பணம் திரும்பிவிட்டது.

இன்னொன்று, சேரும்போது கேட்கும் மருத்துவப் பேப்பர்கள். ஊரில் பிசிஜி போட்ட தழும்பு உங்கள் கையில் இருக்கும். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டிபி டெஸ்ட் சிலருக்கு வீங்கிப் பாசிட்டிவ் காட்டிவிடும், அப்புறம் எக்ஸ்ரே அது இதென்று அலைய வேண்டும். முதலிலேயே குவான்டிஃபெரான் என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ் முடியவும் ஆறு மாதம் ஆகும். என்னோடு படிக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு இந்தப் பேப்பரால் ஒரு செமஸ்டர் போனது.

பேஏரியா_மதுரை:

என் மனைவி கலிபோர்னியாவில் ஏடிஎன் முடித்தார். இங்கே மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர்தான், 70 யூனிட் படித்தாலும் 3,220 டாலர். அவ்வளவு மலிவு என்பதாலேயே இடத்துக்கு அடிதடி, பல காலேஜ்களில் குலுக்கலோ பாயிண்ட் முறையோ வைத்திருக்கிறார்கள், என் மனைவிக்கு மூன்றாவது முறைதான் கிடைத்தது. காத்திருந்த அந்த இரண்டு வருஷ வருமானம் போனதையும் செலவில்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

சம்பளம் என்று பார்த்தால் கலிபோர்னியாவை மிஞ்ச முடியாது. 2023 மே மாத அரசுக் கணக்கில் இங்கே ஆர்என் சராசரி 1,37,000 டாலருக்கு மேல். சட்டப்படி மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை) வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் தரக்கூடாது, ஐசியூவில் இரண்டு. ஆனால் வாடகையும் அதற்கேற்ற மாதிரிதான். புதிதாக முடித்தவர்களுக்கு முதல் வேலை கிடைப்பதும் பே ஏரியாவில் கஷ்டம், மனைவி ஒரு வருஷம் சென்ட்ரல் வேலிக்குப் போய் வந்தார்.

நீங்கள் டெக்சாஸில் லைசென்ஸ் வாங்கினால் அது காம்பாக்ட் லைசென்ஸாக இருக்கும், அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் மற்ற மாநிலங்களிலும் செல்லும். கலிபோர்னியா அதில் இல்லை, பின்னால் இங்கே வருகிற எண்ணம் இருந்தால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வரிக்கணக்கு_சுந்தர்:

பணம் பற்றி மட்டும். எச்4-க்கு ஃபெடரல் உதவி கிடையாது, பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையும் இல்லை, ஃபெடரல் லோனும் இல்லை. ஆக 68,000 டாலர் படிப்புக்குத் தனியார் லோன்தான், அதற்கும் பெரும்பாலும் சிட்டிசனோ கிரீன் கார்டு உள்ளவரோ கோ-சைன் (ஜாமீன் கையெழுத்து) போட வேண்டும். உங்கள் கணவருக்கு நாளை வேலை போனால் விசாவைக் காப்பாற்ற வேறு வேலை தேட கையில் இருப்பது 60 நாள். அந்த நிலைமையில் பத்தாயிரம் போட்டிருப்பதும் 68,000 கடன் வைத்திருப்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கம்யூனிட்டி காலேஜ் என்பேன்.

டெக்சாஸில் 12 மாதம் குடியிருந்ததைக் காட்டினால் எச்4-க்கும் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும். சில காலேஜ்களில் விசாவைப் பார்த்ததும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் போட்டுவிடுவார்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் முதல் பில் வந்தது, வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல் நகல் கொடுத்து மாற்றினோம். அப்புறம் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற வரிச் சலுகை, கட்டணத்தில் 20 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 2,000 டாலர். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 1,60,000 தாண்டினால் குறைய ஆரம்பித்து 1,80,000-இல் நின்றுவிடும்.

வேலூர்_சிஸ்டர்:

மகளே, 22 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஏடிஎன் படித்தவர்களுக்கு நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன், ஐவி போடுவதிலும் நோயாளியின் முகத்தைப் பார்த்தே மாற்றத்தைக் கண்டுபிடிப்பதிலும் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. சேர்ந்த இடத்தில் ஒரு வருஷம் முடித்ததும் ஆன்லைனில் ஆர்என் டு பிஎஸ்என் படித்துவிடு. முதலாளி கட்டும் படிப்புச் செலவில் வருஷத்துக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை, பல மருத்துவமனைகள் அதைத் தருகிறார்கள். நியூயார்க்கில் பத்து வருஷத்துக்குள் பிஎஸ்என் முடிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சேரும் முன் காலேஜுக்கு ஏசிஇஎன் என்ற நர்சிங் கல்வி அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, அங்கே படித்தவர்கள் என்கிளெக்ஸில் முதல் முறையே எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார். இது இரண்டும் சரியில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சம்பளத்துக்காக மட்டும் வந்தவர்கள் இரண்டே வருஷத்தில் போவதைப் பார்த்திருக்கிறேன். 12 மணி நேரம் நின்று, 90 கிலோ மனிதரைப் புரட்டிப் போட்டு, மலம் துடைத்து, அடுத்த அறைக்குப் போய் சிரித்த முகத்தோடு மாத்திரை கொடுக்க வேண்டும். முதலில் சிஎன்ஏ (நர்ஸ் உதவியாளர்) பயிற்சி எடு, சில வாரங்கள்தான். ஒரு மூன்று மாதம் முதியோர் இல்லத்தில் வேலை பார். உடம்பும் மனசும் ஒத்துக்கொள்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். அம்மாவின் வருத்தம், நீ யூனிஃபார்மில் எடுத்த முதல் போட்டோவை அனுப்பும்வரைதான். என் அம்மா அதை ஃபிரேம் போட்டுப் பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

நெல்லைப்பெண்_டல்லஸ்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, வேலூர் அம்மாவின் பதிலைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். 68,000 பேச்சை விட்டுவிட்டோம். அனாட்டமி முதல் பாகத்துக்கு மாலை வகுப்பில் இடம் இருக்கிறது, பதிவு செய்கிறேன், சிஎன்ஏ கோடையில். நைட்ஷிப்ட்_அம்மா, ஒரு சந்தேகம், ஈஏடி புதுப்பிக்கத் தாமதமானால் வேலையில் என்ன செய்தீர்கள்?

நைட்ஷிப்ட்_அம்மா:

எனக்கு ஒருமுறை ஏழு வாரம் கார்டு வரவில்லை. மேனேஜரிடம் மூன்று மாதம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் சம்பளமில்லா விடுப்பில் வைத்து இடத்தைக் காப்பாற்றினார், சொல்லாமல் இருந்திருந்தால் வேலை போயிருக்கும். விண்ணப்பம் திறக்கும் முதல் நாளே அனுப்பிவிடுங்கள், இரண்டு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அனாட்டமிக்கு என்னிடம் கையால் எழுதிய நோட்டுகள் இருக்கின்றன, வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.