வேப்பமரத் தூணுக்குச் சிலேன் பூச்சு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காங்கேயம் பக்கம் நடுவில் திறந்த முற்றம் உள்ள எங்கள் தொட்டிக்கட்டு வீட்டில், முற்றத்தை ஒட்டிய ஆசாரத்துத் (கூடத்துத்) தூண்கள் வேம்பு. ஐப்பசிச் சாரல் அடிக்கும் பக்கத்தில் அடிப்பகுதி கறுத்து, நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. தாத்தா நிறுத்திய தூண்கள். மாற்ற மனம் வரவில்லை.

இரண்டு முறை வார்னிஷ் அடித்தோம். வெயிலில் செதில் செதிலாக உரிந்தது; உள்ளே புகுந்த ஈரமும் வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டது. அதனால்தான் சிலேன் வகையை, அதாவது மரத்துக்குள் ஊறி நீரை விலக்கும் சிலிக்கான் சார்ந்த திரவப் பூச்சைப் பார்க்கிறேன். அது மேலே படலமாக நிற்காமல், மர நாரான செல்லுலோஸில் தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு பிணைந்து நீரை விலக்கும், நீராவியைத் தடுக்காது. ஒரு துண்டுப் பலகையில் பூசி, மறுநாள் தண்ணீர் தெளித்தேன். பக்கவாட்டில் முத்து முத்தாக உருண்டோடியது. அறுத்த முனை மட்டும் உறிஞ்சிக்கொண்டது.

அந்த முனைக்கு எத்தனை கை பூச வேண்டும்? தண்ணீர் கலந்த வகை போதுமா, கரைப்பானில் வருவதுதான் ஆழமாக இறங்குமா? திண்ணையில் பொள்ளாச்சித் தென்னை நார்க் கயிற்றில் பின்னிய கட்டிலும் கிடக்கிறது. கயிற்றை முக்கி எடுத்தால் விறைத்துப்போகுமா? இப்படிச் சிலிக்கான் சார்ந்த பூச்சு ஏறிய மரத்தில் பிறகு பெயின்ட் எளிதில் ஒட்டாது என்பதால் அவசரப்படவில்லை. கரையானுக்குத் தனியாக மருந்து அடித்துவிட்டேன்.

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் பூசிப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது. புரட்டாசி முடிவதற்குள் பூசி உலரவிட வேண்டும்.