ஆறு ரூம் கட்டலாமா? பண்டாரவளைக் காணியும் வங்கிக் கடனும்

பூனாகலைத்தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளையில் இருந்து எல்ல போகும் ரோட்டில் அப்பா வாங்கிப் போட்ட 20 பேர்ச் காணி சும்மா கிடக்கிறது. ஆறு ரூமோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்ட 2 கோடி 40 இலட்சம் போகும் என்கிறார் மேசன் பாஸ். வங்கியில் 13 வீத வட்டி, 10 வருஷத் தவணை. 2025இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டவர் தொகை 2018இன் சாதனையைத் தாண்டிவிட்டது என்று செய்தியில் பார்த்ததில் இருந்து தூக்கமே இல்லை. இறங்கலாமா?

எல்லரோட்டுக்காரன்:
தாராளமாக இறங்குங்க தம்பி. நான் மூன்று ரூமோடு தொடங்கியவன், இப்போது ஒன்பது. எல்லயின் ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் நின்று வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று படம் எடுத்துப் போட்டால் அது நமக்கு ஒரு சதம் செலவில்லாத விளம்பரம். எல்லயில் இடம் முடிந்துவிட்டது, இனிக் கூட்டம் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம்தான் வழியும். இன்றைக்குக் கட்டுகிறவன் நாளைக்கு விலை சொல்வான்.

கணக்கப்பிள்ளை:
அண்ணே, வந்த தலைகளை எண்ணாதீங்க, ரூமில் படுத்த இரவுகளை எண்ணுங்க. 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர் வந்தார்கள், நாட்டுக்குக் கிடைத்தது சுமார் 438 கோடி டொலர். 2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர், கிடைத்தது 317 கோடி. தலைக்கு 1,880 டொலர் அளவில் இருந்தது 1,540க்கு இறங்கிவிட்டது. ஆள் திரும்பி வந்துவிட்டார், அவருடைய பணப்பை முழுசாக வரவில்லை.

எல்லரோட்டுக்காரன்:
டொலரில் பார்த்து அழுகிறீங்க. 2018இல் ஒரு டொலர் 160 ரூபா சொச்சம், 2024இல் 300 ரூபா. எனக்குப் பருப்பு விற்கிறவன் ரூபாவில்தான் கேட்கிறான்.

கணக்கப்பிள்ளை:
அந்தப் பருப்பு 2018இல் என்ன விலை, இப்போது என்ன விலை?

சரி, தம்பிக்காக ஒரு மாதிரிக் கணக்கு. ஆறு ரூம், இரவுக்கு 12,000 ரூபா என்று வைப்போம். வருஷத்துக்கு 2,190 ரூம் இரவுகள். 40 வீதம் நிரம்பினால் 876 இரவு, வருமானம் 105 இலட்சம். இணையத்தில் புக்கிங் பிடித்துத் தருகிறவனுக்கு 15 வீதக் கொமிஷன் போனால் மிச்சம் 89. மூன்று பேருக்குச் சம்பளம் வருஷத்துக்கு 21½. காலைச் சாப்பாடு 17½. கரண்ட், கேஸ், லோண்டரி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 12. கையில் 38 இலட்சம். உங்கள் தவணை மாதம் 3 இலட்சத்து 58 ஆயிரம், அதாவது வருஷத்துக்கு 43. ஐந்து இலட்சம் உங்கள் சட்டைப் பையில் இருந்து போடணும். இதே ரூம் 55 வீதம் நிரம்பினால் தவணை கட்டியும் 20 இலட்சம் அளவில் மிஞ்சும். ஆக, தம்பி, கேள்வி ஊருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது இல்லை. உங்கள் வாசலுக்கு 40 வீதமா, 55 வீதமா?

இன்னொன்று. 12,000க்கு 40 வீதம் என்றால் ரூம் ஒன்றுக்கு நாளுக்குச் சராசரி 4,800. 20,000க்கு 25 வீதம் போனாலே 5,000 வந்துவிடும், துவைக்க வேண்டிய பெட்ஷீட்டும் குறைவு. விலையை வெட்டி ரூமை நிரப்புவது நம் ஊர் வியாதி. பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் நுவரெலியாவுக்கு இறங்கும் நானுஓயா ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் ஒவ்வொருத்தனும் போனை எடுத்து ஆயிரம் ஆயிரமாகக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் குறைத்திருக்கிறேன்.

கண்டி_டவுன்:
கண்டியிலும் இதுதான் நிலைமை. பெரஹரா நாட்களில் மொட்டை மாடியைக்கூட வாடகைக்குக் கேட்பார்கள். மற்ற நாளில் பஸ்ஸில் வருகிற குழு தலதா மாளிகையைப் பார்க்கும், ஒரு இரவு படுக்கும், விடியப் புறப்பட்டுவிடும். கொழும்பிலும் நட்சத்திர ஹோட்டல்கள் ஒன்றை ஒன்று வெட்டி விலையை இறக்கியதால்தான் 2023 ஒக்டோபரில் அரசாங்கம் அங்கே குறைந்தபட்ச அறைக் கட்டணம் போட்டது. அவ்வளவு பெரிய முதலாளிகளுக்கே அப்படி.

எல்லரோட்டுக்காரன்:
நுவரெலியாக்காரர் தன் ஊர் மழையை வைத்து எங்களுக்குக் கணக்குப் போடுகிறார். உங்களுக்கு ஜூன், ஜூலையில் மழை. எங்கள் ஊவாப் பக்கம் அப்போது நல்ல வெயில், ஐரோப்பாக்காரன் லீவில் வருகிற ஓகஸ்டில் எனக்கு ரூம் இல்லை. எங்களுக்குப் பிரச்சினை ஒக்டோபரில் இருந்து டிசெம்பர் வரைதான்.

கணக்கப்பிள்ளை:
அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஜூலையில் என் வீட்டில் பெட்ஷீட் மூன்று நாள் கொடியில் தொங்கியும் காயாது, அயன் பண்ணினால் ஆவி வரும். ஒரு ஜெர்மன் அம்மா மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஜாக்கெட்டோடு படுத்தார். அடுத்த வாரமே கடனுக்கு ட்ரையர் வாங்கினேன்.

ஆனால் அந்த "டிசெம்பர் வரைதான்" என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க அண்ணே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி எங்கும் மண் சரிந்தது, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. உங்களுடைய இலவச விளம்பரம் அந்த ரயில்தானே? 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்தபோது எங்களுக்கு வசந்த கால சீசன். 2020இல் கொரோனா. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்த என் மச்சான் வேனை விற்றான். தம்பியின் தவணை 10 வருஷம். அதற்குள் இப்படி எத்தனை வரும் என்று நினைக்கிறீங்க?

எல்லரோட்டுக்காரன்:
அத்தனையும் வந்தும் நான் இன்னும் கடையைத் திறந்துதானே வைத்திருக்கிறேன்?

கணக்கப்பிள்ளை:
நீங்கள் தொடங்கியது மூன்று ரூமோடு, கடன் இல்லாமல். தம்பி கேட்பது 2 கோடி 40 இலட்சம்.

கொழுந்துக்கூடை:
அண்ணன்மார் சண்டைக்கு நடுவில் ஒன்று கேட்கிறேன். காணி உறுதி கையில் இருப்பவர்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடியும். என் அம்மா இன்னும் தோட்டத்து லயத்தில், கம்பனி கட்டிய வரிசை வீட்டில் இருக்கிறார். தோட்டத்து ஹோம்ஸ்டே என்று எல்லோரும் ஆசையாகப் பேசுகிறார்கள், உறுதி இல்லாத வீட்டுக்கு எந்த வங்கி கடன் தரும்? கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டல் ஆனது. பொகவந்தலாவைப் பக்கம் துரைமார் பங்களாக்கள் 2005இல் இருந்து சொகுசு விடுதிகள். ரூமை நிரப்பத் திண்டாடுகிற நீங்கள் ஒரு பக்கம், தேயிலைக் கதையைச் சொல்லியே நல்ல விலை வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். கதைக்குச் சொந்தக்காரர்கள் அங்கே தட்டுக் கழுவுகிறோம். தம்பி கட்டினால் ரூம் வேலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகளை எடுங்க, கொழும்புக் கடைச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுங்க. இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் பஸ் ஏறிவிடுவார்கள்.

கணக்கப்பிள்ளை:
அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கணக்கில் சம்பளத்துக்குப் போட்ட அந்த 21½ இலட்சத்தை இன்னும் உயர்த்திக்கொள்ளுங்க தம்பி.

பூனாகலைத்தம்பி:
எல்லோருக்கும் நன்றி. காணியின் பின்பக்கம் நல்ல சரிவு, அதை நான் முதலில் சொல்லவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கிடைக்கும் வரை வங்கிப் பக்கம் போகப் போவதில்லை. கிடைத்தால் இரண்டு ரூம், அப்பாவின் சேமலாப நிதிக் காசில். ஆறு ரூம் பிறகு.

எல்லரோட்டுக்காரன்:
இரண்டு ரூமுக்கும் ஆறு ரூமுக்கும் ஒரே கேட், ஒரே தண்ணி டேங்க், ஒரே சமையல்காரன் தம்பி. நீங்க மூன்றாவது ரூமுக்குக் கல் இறக்கும்போது பக்கத்துக் காணியில் பத்து ரூம் எழும்பியிருக்கும்.

பூனாகலைத்தம்பி:
எழும்பட்டும் அண்ணே. கணக்கப்பிள்ளை அண்ணே, அந்த ட்ரையர் என்ன விலை?