மகரக்கட்டு (பருவ வயதில் குரல் உடைந்து மாறுவது) வந்தபோது பாட்டை எப்படிக் காப்பாற்றினீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

கடலூர், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

என் அக்கா மகனுக்கு 13 வயது நடக்கிறது. 6 வயதிலிருந்து பாட்டுக் கற்று வருகிறான். சென்ற மாதம் ஒரு மாலை வர்ணம் பாடிக்கொண்டிருந்தவன், சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்ததும் சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு, "மாமா, எனக்கு இனிமேல் பாட்டு வராது" என்று சொல்லி எழுந்து போய்விட்டான். அன்று என்னால் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நானும் ஒருகாலத்தில் அதே நிலையில் இருந்தவன் என்பதால் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். மகரக்கட்டைக் கடந்து வந்தவர்களும், கடந்துகொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் தங்கள் அனுபவத்தை எழுதினால் அவனுக்குப் படித்துக் காட்டுவேன்.

நான் பாட்டுக் கற்றது மஞ்சக்குப்பத்தில், ஓர் ஆசிரியையிடம். வகுப்பில் இருந்த ஒன்பது பேரில் நான் ஒருவனே பையன். எல்லோருக்கும் ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது பாடுபவர் 'ஸ' வைத்துக்கொள்ளும் சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும்). ஆசிரியையின் சுருதியும் அதுவே என்பதால் அவர் பாடியதை அப்படியே வாங்கிப் பாடிவிடுவோம். எனக்கென்று தனியாக ஒரு சுருதி இருக்கக்கூடும் என்று நான் நினைத்ததே இல்லை. எட்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் தொண்டை கரகரக்கத் தொடங்கியது. சளி என்று எண்ணி அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தார். பாட்டி அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். தொண்டைக்கு இதமாக இருந்ததே தவிர, குரல் திரும்பவில்லை.

ராம நவமிக்கு ஒரு பஜனை மடத்தில் எங்கள் வகுப்பு பாடியது. அநுபல்லவி, அதாவது பாட்டின் இரண்டாம் பகுதி, தார ஷட்ஜத்தில் (மேல் 'ஸ'வில்) நிற்கும் கிருதி. அந்த வரியை நான் தனியாகப் பாட வேண்டும். வாயைத் திறந்தேன், காற்று வந்தது, ஒலி வரவில்லை. பிறகு யாரோ ஒருவருடைய தடித்த குரல் என் வாயிலிருந்து வந்தது. வயலின் வாசித்த பெரியவர் அந்தத் தார ஷட்ஜத்தை வில்லில் பிடித்துக்கொண்டு, நான் பல்லவிக்குத் திரும்பும் வரை விடாமல் நீட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்த சிறுவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மறந்துபோய்விட்டது. அந்த வில் மெல்ல மெல்ல நகர்ந்தது மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதன்பின் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு வருடம் வாயே திறக்கக் கூடாது என்றார் ஒருவர். விடாமல் உச்சத்தில் பாடிப் பாடிப் பழைய குரலைப் பிடித்து வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டாவது யோசனையை நான் மூன்று வாரம் கடைப்பிடித்தேன். கழுத்து நரம்பு புடைக்கப் பாடியதில் பேசும்போதே வலிக்கும் நிலைக்கு வந்தேன். இந்த இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. மகரக்கட்டு நோயன்று. குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. தந்தி நீண்டு தடித்தால் ஒலி தாழ்வதைப் போலவே பையன்களின் பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி ('ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையுள்ள தூரம்) இறங்கிவிடுகிறது. நாண்கள் வளர்ந்த பிறகும் தசைகள் பழைய அளவிலேயே அவற்றை இழுக்கப் பார்ப்பதால் குரல் பிளக்கிறது.

வழி கண்டவர் என் ஆசிரியைதான். காலை 6 மணிக்குத் தனியாக வரச் சொன்னார். கிருதிகளை நிறுத்திவிட்டு, 'ஆ' என்று நீட்டிப் பாடும் பயிற்சியான அகார சாதகம் மட்டும், அதுவும் குரல் வலிக்காமல் எட்டும் நான்கைந்து ஸ்வரங்களுக்குள், இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் பாட வைத்தார். குரல் நாளுக்கு ஒரு விதமாக இருக்கும். அன்றன்று எது அமைகிறதோ அதில் சுருதியை வைப்பார். ஐந்தரை நான்காயிற்று, நான்கு இரண்டரையாயிற்று. வகுப்பில் மற்றவர்கள் பாடும்போது நான் தாளம் போட்டுக்கொண்டு அவர்கள் பாடும் ஸ்வரங்களை எழுதுவேன். அந்த ஒன்றரை வருடத்தில் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் நான்கும் என்னிடம் இன்னும் இருக்கின்றன; இன்று நான் ஸ்வரம் கேட்டவுடன் எழுதுகிறேன் என்றால் அந்த மௌனத்தில் கற்றதுதான். இயல்பில் ஒத்துழைக்காத சாரீரத்தை (குரலை) அயராத சாதகத்தால் வசப்படுத்தி, 1947-இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டதும் அந்தக் காலை நேரங்களில்தான்.

ஒருநாள் சுருதிப் பெட்டியைப் பழைய ஐந்தரையில் வைத்து, "கீழே இறங்கி மந்தர மத்யமத்தில் நில், தம்பி" என்றார். மந்தர மத்யமம் என்பது கீழ் ஸ்தாயியின் 'ம'. நின்றேன். சிறுவனாக இருந்தபோது அங்கே எனக்கு வெறும் முனகல்தான் வரும். அன்று குரல் கனமாக, அசையாமல் நின்றது. நான் பாடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் திருகி ஒன்றரைக் கட்டைக்குக் கொண்டுவந்தார். நான் பிடித்திருந்த மத்யமம் அப்படியே ஷட்ஜமாகிவிட்டது. கணக்குப் போட்டால் இது வியப்பில்லை. ஐந்தரைக் கட்டை ஷட்ஜம் நொடிக்குச் சுமார் 208 அதிர்வு, ஒன்றரைக் கட்டை ஷட்ஜம் சுமார் 139. இடையில் இருப்பது ஒரு பஞ்சமத்தின் தூரம், அதாவது 'ஸ'விலிருந்து 'ப' வரை. ஆனால் ஏழு வருடம் ஒரே இடத்தை 'ஸ' என்று அறிந்திருந்த தொண்டைக்கு அது புதிய வீட்டில் முதல் இரவு தூங்குவதைப் போல இருந்தது. பழகுவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆயின.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மகனின் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவனுக்கு மகரக்கட்டு வந்தது வெளியே தெரியவே இல்லை. வகுப்பிலுள்ள பெண் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவதற்காக அவன் கள்ளக்குரலில் (இயல்பான குரலை விட்டு மெலிதாக உயர்த்திய குரலில்) பாடிப் பழகி, பேச்சையும் அதே குரலுக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். குரல் கெடாமல் அப்படியே இருக்கிறதே என்று நாங்கள் மகிழ்ந்தோம் என்பதை நினைத்தால் இப்போது நெஞ்சு கனக்கிறது. 16 வயதில் மீசை அரும்பியும் குரல் குழந்தையுடையதாக இருக்கவே, பள்ளியில் கேலி பொறுக்காமல் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, குரல் நாண்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, பிள்ளைதான் அவற்றைப் பயன்படுத்தாமல் இருக்கிறான் என்று சொல்லி, பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் அவனை இருமச் சொன்னார். இருமலில் மட்டும் ஆண் குரல் வந்தது. அந்த இருமலின் ஒலியையே விடாமல் 'ஆ' என்று நீட்டச் சொன்னார். முதல் நாளிலேயே வந்துவிட்டது. தன் குரலைக் கேட்டு அவனே திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். நிலைப்படுத்த ஆறு வாரம் ஆனது. ஆகவே, மாற வேண்டிய வயதில் குரல் மாறவில்லை என்றால் அதையும் கவனியுங்கள். இப்போது அவன் இரண்டு கட்டையில் பாடுகிறான்.

புதுச்சேரி, வில்லியனூரிலிருந்து:

பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும் என்பதை யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. இறக்கம் சிறியதுதான், இரண்டு மூன்று ஸ்வரஸ்தானங்கள்; அதனாலேயே அது யார் கண்ணிலும் படுவதில்லை. 12, 13 வயதில் என் குரலில் காற்று கலந்து, தார ஸ்தாயி மெலிந்துபோனது. அப்போது எனக்குக் கற்பித்தவர் சாதகம் போதவில்லை என்று கடிந்துகொண்டார். நானும் அதை நம்பி அழுதேன். பிறகு வேறோர் ஆசிரியர் ஆறு கட்டையிலிருந்து ஐந்துக்கு இறக்கிய அன்றே பாட்டு எளிதாயிற்று. இறக்கியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை என்று அவர் சொன்ன பிறகுதான், முன்பு நான் வெட்கப்பட்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

பண்ருட்டி, திருவதிகையிலிருந்து:

எனக்கு வயது 67. தேவாரப் பாடசாலையில் படித்தவன். எங்களுடைய ஆசான் மகரக்கட்டு வந்த பிள்ளைகளைத் தனியே ஒதுக்க மாட்டார். கூட்டமாக ஓதும்போது பின்வரிசையில் நின்று கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொள்ளச் சொல்வார். குரல் உடைந்தாலும் கூட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. அப்பர் பெருமான் தம் முதல் பதிகத்தைப் பாடிய இந்த வீரட்டானத்துச் சந்நிதியில்தான், 14 வயதில், உடைந்த குரலோடு ஒரு நாளும் விடாமல் நான் ஓதினேன். உங்கள் மருமகனைத் தனியாகப் பாட வைக்காதீர்கள். யாருடனாவது சேர்த்துப் பாட விடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மீண்டும்:

எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. அனைத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். முத்தியால்பேட்டை அம்மா எழுதியதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னான். பெரியவர் சொன்னபடி, கடந்த பத்து நாட்களாகக் காலையில் நானும் அவனும் சேர்ந்து நான்கு கட்டையில் தொடக்கப் பாடமான சரளி வரிசை பாடுகிறோம். எனக்கு அது சிரமமான சுருதி, இருந்தாலும் பாடுகிறேன். நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவனே பெட்டியைத் திருகி இரண்டரையில் வைத்துக்கொண்டு, மந்தர பஞ்சமத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தார ஷட்ஜத்தை நாங்கள் இன்னும் தொடவில்லை.