அண்ணனுக்கு மட்டும் ஏன் சிரோசிஸ்?

காவிரிக்கரை:
அண்ணனுக்கும் எனக்கும் ஹெபடைடிஸ் பி பிறப்பிலேயே அம்மாவிடமிருந்து வந்தது. ஐம்பதை நெருங்கும் எனக்கு, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இன்றும் 5 கிலோபாஸ்கல்தான்; அண்ணனுக்கோ 41 வயதிலேயே 22, அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ். வயிற்றிலிருந்து நீர் எடுத்த அன்று, பணியிலிருந்த மருத்துவர் அண்ணியை வெளியே அனுப்பிவிட்டு, "இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள், தினமும் எவ்வளவு குடிப்பீர்கள்?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத அண்ணன், பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வெண்ணிலா:
என் அம்மாவுக்கு 1986இல் பிரசவத்தின்போது ஏற்றிய ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வந்திருக்கிறது. அந்த வைரஸே 1989இல்தான் கண்டறியப்பட்டது. பிற்பாடு ஓர் ஆய்வுக்காக ரத்தம் கொடுத்தபோது, பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் 148ஆம் இட மாற்றம் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும், ஆக இரண்டு பிரதிகளாக, அம்மாவிடம் இருப்பது தெரிந்தது. கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும் இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு, சி வைரஸால் ஏற்படும் தழும்பும் சிரோசிஸாக முற்றும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் விளக்கி முடித்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்படியென்றால் இது என் தப்பு இல்லையே?"

அயர்லாந்தில் 1977–78இல் ஆர்எச் நெகட்டிவ் ரத்தவகைத் தாய்மார்களுக்குப் போடும் ஆன்டி-டி ஊசி மாசுபட்டிருந்ததால் ஒரே மூலத்திலிருந்து சி வைரஸ் தொற்றிய பெண்களில் 376 பேரைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்குப் பின்னும் 2 விழுக்காட்டினருக்கே சிரோசிஸ் இருந்தது. வைரஸ் ஒன்றாக இருந்தும் ஈரல்கள் ஒரே வழியில் போகவில்லை.

தென்றல்வழி:
வெண்ணிலா அவர்களே, எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஐரிஷ் பெண்கள் தொற்றியபோது இளம் தாய்மார்கள். இளவயதும் பெண்ணாக இருப்பதும் நோயின் வேகத்தைக் குறைப்பவை. என் மாமாவுக்கும் பி வைரஸால் சிரோசிஸ் வந்தது. சர்க்கரை நோயையும் தொந்தியையும் யாரும் கவனிக்காததே காரணம் என்று நம்புகிறேன். காவிரிக்கரை ஐயா, பி வைரஸ் உடலில் தங்கிவிடுவதற்கும் நோய் எதிர்ப்பில் பங்குள்ள எச்எல்ஏ-டிபி மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் உங்கள் இருவருக்குமே வைரஸ் தங்கிவிட்டதால் அது இந்த வேறுபாட்டை விளக்காது. பி வைரஸ் உள்ளவர்களுக்கே தொற்றும் ஹெபடைடிஸ் டி வைரஸ் அண்ணனுக்குச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், கீழாநெல்லியை நம்பி ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். பி வைரஸ் சிரோசிஸ் இல்லாமலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது பற்றி நீங்களும் மருத்துவரிடம் கேளுங்கள். பிறக்கும் பேரக்குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

காவிரிக்கரை:
டி வைரஸ் பார்த்தார்கள், இல்லை. சர்க்கரையும் இல்லை, தொந்தியும் இல்லை. நான் இங்கே எழுதியது வழி கேட்பதற்காக அன்று. மருத்துவர் அப்படிக் கேட்டபோது நானும் அந்த அறையில்தான் நின்றிருந்தேன். "அண்ணன் குடிப்பதில்லை" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு கணம் எனக்கே ஐயம் வந்துவிட்டது.