கொலுசுப் பட்டறைக்கு முதல் வலைப்பக்கம்: படங்கள் தெரியவில்லை, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் என் சித்தப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்காக ஒரே ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். விற்பனை எல்லாம் வேண்டாம். வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, பற்றவைத்து, மெருகேற்றுவது வரை படத்தோடு காட்ட வேண்டும். கொலுசு வாங்குகிறவர்களில் பலர் அந்த உழைப்பைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நோட்பேடில், வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் மட்டும் எழுதுகிறேன். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் செர்ன் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட உலகின் முதல் வலைத்தளமும் எழுத்தும் இணைப்புகளும்தானே, அதனால் எளிமையே போதும் என்று நினைக்கிறேன். எல்லா மொழி எழுத்துகளையும் கணினிக்குப் புரியவைக்கும் யுடிஎஃப்-8 குறியீட்டு முறையைப் பக்கத்தின் தலைப்பகுதியில் குறித்ததும் தமிழ் சரியாக வந்துவிட்டது. திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தைக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரியைச் சேர்த்த பிறகு செல்போனிலும் எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறது.

சிக்கல் படங்களில்தான். என் கணினியில் எல்லாம் தெரிகின்றன. இலவச சர்வரில் ஏற்றினால் சில படங்கள் மட்டும் வருவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் என்று படித்து, ஆங்கிலப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்தாக மாற்றிவிட்டேன். இன்னும் வராத படங்களுக்குத் தமிழில், நடுவே இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருக்கிறேன். அதுதான் காரணமா? தமிழ்ப் பெயரையே வைத்துக்கொள்ள வழி உண்டா?

அப்புறம், செல்போனில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் 4 எம்பி. கம்பியின் நுணுக்கம் மங்காமல் எவ்வளவு குறைக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.